மலையிலிருந்து மணலுக்கு

வடமராட்சியாருக்கு வல்லிபுரத்து மணலை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஏனைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குக் கரையோரமாக, துன்னாலைக்கு அப்பால், வல்லிபுர ஆழ்வார் கோயில் அமைந்திருக்கிறது. கோயிலைச் சுற்றிலும் வெண்மணல்; கோயிலுக்கும் கடலுக்கும் இடையிலும் மணல்தான். வசப மன்னன் காலத்துப் பொன்னேடு ஒன்று இவ்வூரிலே கிடைத்தமையால் சரித்திர மாணவரும் இதன் பெயரை அறிவர். புரட்டாதிப் பூரணையை ஒட்டி வரும் கடல் தீர்த்தத்தன்று அடியார் கூட்டம் அந்த மணலிலே கால் புதையப் புதைய நடந்து சமுத்திரக் கரையை அடையும் காட்சி, ஒருமுறை கண்டவர் மறக்கக்கூடியதன்று.

என் அம்மாவும் சிறுமியாயிருந்த காலந்தொட்டு அப்படி நடந்தவர். இப்போது அவருக்கு எழுபத்துமூன்று வயது. சில ஆண்டுகளாக முழங்கால்கள் அவர் சொற்கேட்பதில்லை. 2023 ஆம் ஆண்டுத் தீர்த்தத்திற்கு நாங்கள் எல்லோரும் புறப்பட்டபோது, வாசற்படியிலே இருந்தபடி வழியனுப்பி வைத்தார். திரும்பி வந்ததும், என் பிள்ளைகளின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தமது கையாலேயே தட்டிவிட்டார். அப்பொழுது சொன்னார்:

“தீர்த்தத்தண்டு சனத்துக்குள்ளை என்னைக் கொண்டு திரியேலாது, தம்பி. ஒருநாளைக்கு ஆறுதலா அந்தக் கடற்கரையிலை கொண்டுபோய் விட்டியெண்டால் போதும்.”

எங்களிடம் இருந்த சிறிய காரோ மணலைக் கண்டால் படுத்துவிடும் இயல்பினது. ஒருமுறை முயன்று, பின் சில்லுகள் பாதி புதைந்து, அவ்வழியாக வந்த நால்வர் தள்ளி மீட்டதே மிச்சம். அன்றிரவே எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நான்கு சில்லுகளும் இழுக்கின்ற வண்டி ஒன்றை வாங்கினால் என்ன?

என் மனைவி நான் சொல்லி முடிக்குமட்டும் கேட்டிருந்துவிட்டு, “மாமியைச் சாட்டி உங்கடை ஆசையைத் தீர்க்கப் போறியள்” என்றாள். அதில் பாதி உண்மை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், சீட்டுக்காசை எடுத்துத் தந்தவளும் அவளே.

மலைநாட்டிலே கண்டெடுத்தது

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன்பின் பழைய வண்டிகளின் விலையும் ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவர். புதிய வண்டி என்பது ஆசிரியன் ஒருவன் கனவிலும் காணத்தகாத பொருளாயிற்று. தேடியலைந்ததன் பின், நுவரெலியாவுக்கு அண்மையில் ஒரு பழைய லாண்ட் றோவர் விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் கிடைத்தது. ‘இரண்டு ஏ’ என்று வழங்கும் தொடரைச் சேர்ந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 88 அங்குலம், 2.25 லீற்றர் டீசல் எஞ்சின். 1968 ஆம் ஆண்டுப் பிறப்பு. என்னிலும் மூத்த வண்டி.

இந்த வண்டியின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், இங்கிலாந்தின் றோவர் கம்பனியில் பொறியியற் பொறுப்பிலிருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் பகுதியிலுள்ள அங்கிள்சித் தீவிலே தமக்கிருந்த பண்ணையில், யுத்தத்தில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வியே லாண்ட் றோவருக்கு வித்தாயிற்று. 1948 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 ஆந் தேதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே அது முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தில் உருக்கு பங்கீட்டுப் பொருள். ஆகையால் வண்டியின் உடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டினாற் செய்தார்கள். வேறு வழியின்றிச் செய்த அந்தக் காரியமே வண்டிக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. அலுமினியத்தில் உருக்கைப் போலத் துரு ஏறுவதில்லையன்றோ? இலங்கையிலே தேயிலைத் தோட்டங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் இவ்வண்டிகள் நெடுங்காலம் உழைத்தன. இன்றும் மலைப் பாதைகளில் மரக்கறி மூடைகளோடு ஏறி இறங்குவதைக் காணலாம்.

அக்டோபர் மாதத்து வார இறுதி ஒன்றிலே நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். துணைக்கு என் பழைய மாணவன் ஒருவனையும் அழைத்துச் சென்றேன். நெல்லியடிக்கு அண்மையிலுள்ள ஒரு கராஜிலே அவன் மெக்கானிக். பத்தாம் பதினோராம் வகுப்புக்களில் அவனுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். சாதாரண தரப் பரீட்சையில் அப்பாடத்திலே அவன் சித்தியெய்தவில்லை. ஒருநாள் முழு வகுப்பின் முன்னிலையில், “நீ கராஜுக்குத்தான் போகவேண்டி வரும்” என்று நான் சினந்து கூறியதுண்டு. அவன் அதை ஒருபோதும் எடுத்துப் பேசியதில்லை. ஆனால் நான் மறக்கவில்லை.

மூடுபனி விலகாத காலை. வண்டி பச்சைப் பூச்சிலே பளபளத்தது. கூரைமேல் நான்கு விளக்குகள்; அகன்ற ரயர்கள்; பழைய சிறீ எழுத்து இலக்கத் தகடு. நான் அந்த விளக்குகளிலே மயங்கி நிற்க, மாணவன் ஒரு சாக்கை விரித்து வண்டியின் கீழே படுத்துவிட்டான். கையிலே சிறு சுத்தியல். வண்டியின் முதுகெலும்பாகிய சட்டகத்தை ஓரிடம் விடாது தட்டிக்கொண்டு போனான். சில இடங்களில் கிணீரென்று கேட்டது. பின்பக்கத்துக் குறுக்குச் சட்டத்திலே தட்டியபோது நனைந்த பலகையைத் தட்டியது போலப் பொத்தென்றது. “உடம்பு அலுமினியம் சேர், ஆனா சசி உருக்கு. உள்ளுக்காலை துரு தின்னும். வெளியிலை பெயின்ற் அடிச்சால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்” என்றான்.

பின்னர் பதிவுப் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் வண்டியிலுள்ளவற்றோடு ஒப்புநோக்கினான். ஈற்றில், பிறேக் எண்ணெய்க் குவளையைத் திறந்து, விரலைத் தோய்த்து மணந்து பார்த்தான். முகம் மாறியது. என்னைத் தனியே அழைத்தான்.

“சேர், விலையைக் குறைச்சால் வாங்கலாம். எஞ்சின் நல்ல சாமான். ஆனா பிறேக்குக்கு ஆரோ வேறை எண்ணெய் விட்டிருக்கினம். ஓடிக்கொண்டு போகவேண்டாம். லொறியிலை ஏத்துவம்.”

விலை குறைந்தது. ஆனால் யாழ்ப்பாணம் வரை லொறிக்கூலி என்றதும் என் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது. “பேராதனை மட்டும் ஓட்டிப் பார்ப்போம், அதன்பின் யோசிக்கலாம்” என்றேன். அவன் ஒருகணம் என்னைப் பார்த்தான். பின் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டான். ஆசிரியர் சொல்லுக்கு மறுசொல் கூறாத பழக்கத்தை நாங்களேதான் அவனுக்குப் பழக்கியிருந்தோம். அன்று அந்தப் பழக்கம் எங்கள் இருவர் உயிரையும் கொண்டுபோகப் பார்த்தது.

றம்பொடை இறக்கம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உயர்ந்தது. அங்கிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளையை நோக்கி இறங்கும் பாதை, தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து செல்கிறது. ஒரு வளைவிலே நீர்வீழ்ச்சி; மறு வளைவிலே பள்ளத்தாக்கு. பார்ப்பதற்கு அழகு; ஓட்டுபவனுக்குச் சோதனை.

முதல் ஆறு மைல் வரை யாதொரு குறையுமில்லை. பிறேக் மிதி சற்று மெத்தென்றிருப்பதாக மட்டும் தோன்றியது. றம்பொடையை நெருங்கும் வேளையில், ஒரு வளைவின் முன் மிதியை அழுத்தினேன். அது தடையேதுமின்றிக் கீழே தகட்டிலே போய் முட்டியது. மீண்டும் அழுத்தினேன். அதே கதை. வண்டி வேகங் கொள்ளத் தொடங்கிற்று.

“சேர், பிறேக்கை விடுங்கோ. கியரைக் குறையுங்கோ” என்றான் மாணவன். குரல் உயரவில்லை. அந்தக் காலத்து வண்டியிலே மூன்றாம் நாலாம் கியர்கள் மட்டுமே இலகுவாக இசைந்து விழும். இரண்டாவதுக்கு இறங்க வேண்டுமாயின், கிளச்சை மிதித்து நடுநிலைக்கு எடுத்து, விட்டு, எஞ்சினைச் சற்று முடுக்கி, மறுபடியும் மிதித்துத்தான் போடவேண்டும். என் முதல் முயற்சியிலே பற்சில்லுகள் அலறின. “இன்னொருக்கா. ஆறுதலா” என்றான். இரண்டாம் முறை விழுந்தது. எஞ்சின் உறுமி வண்டியைப் பின்னுக்கு இழுத்தது. “இனிக் கைப்பிறேக்கை மெல்ல மெல்ல இழுங்கோ. ஒரேயடியா இழுக்காதேங்கோ. மலைப் பக்கத்துக்கு ஒதுக்குங்கோ.”

இடப்புறத்து முன் சில்லு கானுக்குள் இறங்கியது. மண் திட்டிலே உராய்ந்து வண்டி நின்றது. வலப்புறத்தே, தெருவுக்கு அப்பால், பள்ளம். நான் இறங்கினேன், கால்கள் தாங்கவில்லை. கானோரத்திலே இருந்துவிட்டேன். அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் என்ற நினைவு வந்தபோது, மலைக் குளிரிலும் உடல் வியர்த்தது.

அருகிலிருந்த லயத்திலிருந்து நால்வர் ஓடிவந்தார்கள். சில்லுகளுக்குக் கல் வைத்தார்கள். ஓர் அம்மையார் எங்களிருவருக்கும் வெறுந்தேநீர் கொண்டுவந்து தந்தார். யார், எவர் என்று கேட்கவில்லை. தேநீர் குடித்து முடிந்தபின், மாணவன் பின் சில்லொன்றின் உட்புறத்தைக் காட்டினான். எண்ணெய் வழிந்து நனைந்திருந்தது. “நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது, நான்” என்று அவன் கூறவில்லை. “லொறிக்குச் சொல்லுவமோ, சேர்?” என்று மட்டும் கேட்டான்.

லொறிப் பயணம்

இவ்வாறாக, எந்த மலையும் மணலும் ஏறவல்லது என்று பெயர் பெற்ற வண்டி லொறியொன்றின் முதுகிலே கட்டப்பட்டு வடக்கு நோக்கிப் பயணமாயிற்று. நாங்கள் இருவரும் லொறிக்காரர் பக்கத்தில் அமர்ந்திருந்தோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோ மீற்றர். பேசுவதற்கு நேரம் இருந்தது.

“ஒரு சில்லிலை எண்ணெய் ஒழுகினால் நாலு பிறேக்கும் ஏன் போகவேணும்?” என்று கேட்டேன். அவன் சிறிது வெட்கத்தோடு சிரித்தான்.

“நீங்கள் பாஸ்காலின்ரை விதி படிப்பிச்சனீங்கள், சேர். அடைச்ச திரவத்திலை ஒரு இடத்திலை அமுக்கினால் எல்லாப் பக்கமும் ஒரேயளவாப் போகும் எண்டு. அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை. கராஜுக்கு வந்துதான் விளங்கினது. இந்த வண்டியிலை நாலு சில்லுக்கும் ஒரே குழாய்வழி. ஒரு இடத்திலை வாய் திறந்தால் அமுக்கம் அதுக்குள்ளாலை போயிடும். மற்ற மூண்டுக்கும் ஒண்டும் மிஞ்சாது. கைப்பிறேக் மட்டும் வேறை. அது கியர்ப்பெட்டிக்குப் பின்னாலை தண்டைப் பிடிக்கிறது. அதாலைதான் தப்பினம்.”

இருபது ஆண்டுகளாக அந்த விதியைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். படம் வரைந்து, புள்ளி வழங்கி, பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்தியும் இருக்கிறேன். ஆயினும் அடைப்பு என்ற ஒரு சொல்லின் மேல் இத்தனை பேரின் உயிர் தொங்குகிறது என்பதை நான் உணர்ந்தது அன்றுதான்.

மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோபுரத்தைக் கண்டு கையெடுத்தோம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே இந்த மாத்தளை நோக்கித்தான் நடந்தார்கள். அவர்களின் வருகை நிகழ்ந்து 200 ஆண்டு நிறைவை நினைந்து, 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனியும் நிகழ்ந்தது. காலையில் எங்களுக்குத் தேநீர் தந்த அம்மையாரின் முகம் அப்போது என் கண்முன் வந்தது. தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா என ஊர்கள் கழிந்தன. முறிகண்டிப் பிள்ளையார் முன்னிலையில், வழக்கம்போல், எல்லா வண்டிகளும் நின்றன. எங்கள் லொறியும் நின்றது. அன்று நான் உடைத்த தேங்காய் வழக்கத்துக்காக உடைத்ததன்று. கச்சான் பொதி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஆனையிறவின் உப்புக்காற்றை முகத்தில் வாங்கி, கொடிகாமத்திலே திரும்பி, வரணி வழியாக வடமராட்சி போய்ச் சேர்ந்தோம்.

பெரியவரின் பட்டியல்

கராஜ் உரிமையாளரான பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. அவருடைய கைத்திறனை நான் சிறுவனாயிருந்த காலத்திலேயே அறிவேன். 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபின், பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. அந்நாட்களில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் இலகுவில் ஆவியாகாது. ஆகவே, சிறு போத்தலில் பொக்கிஷம்போலக் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களே அதைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதற்கும் அடிக்கடி வைத்தியம் வேண்டும். அப்படியான ஒரு வாடகைக் காரிலே, 1993 ஆம் ஆண்டு மழைக்கால இரவொன்றில், நெஞ்சுவலியினால் துடித்த என் தந்தையாரை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். அவர் அன்று பிழைத்தார். அந்தக் காரை ஓடும் நிலையில் வைத்திருந்தவர் இந்தப் பெரியவர்.

நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். இன்னும் அகன்ற ரயர், முன்னால் இழுவைக் கப்பி, கூரையிலே சாமான் தட்டு, ஆறு விளக்கு, வலுக்கூடிய யப்பானிய எஞ்சின் என்று அழகாக இலக்கமிட்டு எழுதியிருந்தேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பின்னர் தாளை மறுபுறம் திருப்பினார்.

“மாஸ்ரர், இதிலை மூண்டு சொல்லு எழுதுங்கோ. நிப்பாட்டுறது. திருப்புறது. தாங்குறது. இந்த மூண்டும் சரிவந்தாப் பிறகு மற்றப் பக்கத்தைப் பாப்பம்.”

எழுதினேன். அவர் சொன்ன ஒழுங்கிலேயே நான்கு மாதம் வேலை நடந்தது. சனிக்கிழமைகளில் நானும் பழைய சட்டையோடு போய், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் சிற்றாளானேன்.

முதலாவது, நிறுத்துவது. பிறேக் மிதியின் பின்னாலுள்ள மூல உருளையைக் கழற்றி எடுத்தார்கள். அதனைக் கராஜிலே ‘மாஸ்ரர் சிலிண்டர்’ என்பார்கள். பெரியவர் அதை என் கையில் வைத்து, “மாஸ்ரர், எல்லாப் பிழையும் மாஸ்ரரிலைதான் துவங்கியிருக்கு” என்று நகைத்தார். அவர் உருளையைத்தான் சொன்னார். நான் வேறொன்றையும் நினைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்த இறப்பர் வளையங்கள் ஊறிப் பருத்து, விரலால் நசித்தால் பிய்யும் நிலையிலிருந்தன. பிறேக்குக்கென்று உள்ள திரவத்துக்குப் பதிலாகக் கனிய எண்ணெயை ஊற்றினால் இவ்வாறு நிகழும். பின் சில்லிலிருந்த வளையம் அன்று கிழிந்ததும் அதனாலேயே. எல்லா உருளைகளும் குழாய்களும் புதிதாயின. அத்துடன், இதிலே முதலாவது மேம்பாடும் செய்யப்பட்டது. முன் சில்லுகளுக்கு ஒரு வழி, பின் சில்லுகளுக்கு ஒரு வழி என, பிற்கால வண்டிகளில் உள்ளதுபோல் இரு தனிக் குழாய்வழிகள் அமைத்தார்கள். இனி ஒன்று கைவிட்டாலும் மற்றையது காக்கும்.

இரண்டாவது, திருப்புவது. முன் சில்லுகள் திரும்பும் பெரிய குண்டுகளின் மினுக்குப் பூச்சு தேய்ந்து, பள்ளம் விழுந்து, ஒயில் கசிந்துகொண்டிருந்தது. ஸ்ரியறிங் தண்டுகளின் மூட்டுக்கள் ஆடின. அவை மாற்றப்பட்டன. முன் சட்டத்துள் ஒளிந்திருக்கும் ஓர் உருளையைக் கழற்றும்போது மட்டும் என்னைத் தூரப் போகச் சொன்னார்கள். அதனுள்ளே இறுக்கி வைத்த சுருள்வில் நழுவினால் ஆளை அடித்துவிடுமாம்.

மூன்றாவது, தாங்குவது. துரு தின்ற குறுக்குச் சட்டத்தை வெட்டி எறிந்து, புதிய உருக்கை வெல்டிங் செய்தார்கள். மெல்லிய தகட்டை மேலே ஒட்டி மறைக்கும் சுலப வழியொன்றும் உண்டு. பெரியவர் அதற்கு இணங்கவில்லை. “புண்ணை மூடிச் சீலை கட்டினால் புண் மாறாது” என்றார். உள்ளே எண்ணெய்ப் பூச்சும் விடப்பட்டது. கடற்காற்று வீசும் ஊரல்லவா?

இவை முடிந்தபின் என் பட்டியலின் முதற்பக்கத்துக்கு வந்தோம். எனக்கே அதிலே பாதியைக் காண வெட்கமாயிருந்தது. யப்பானிய எஞ்சினைப் பற்றிப் பெரியவர் கூறியது நினைவிலிருக்கிறது. பழைய எஞ்சினின் வலு 62 குதிரைவலு மட்டுமே. ஆனால், அதற்கேற்ற தடிப்பிலேயே பின் அச்சின் தண்டுகளும், அதற்கேற்ற அளவிலேயே பிறேக்கும் படைக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சினுக்கு மட்டும் வலுவைக் கூட்டினால் மற்றவை முறியும். பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். ஆகவே, பழைய எஞ்சினே நிலைத்தது. அதைச் சூடாக்கிக் கிளப்பும் நான்கு பிளக்குகளும் பழைய முறைப்படி தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று எரிந்தால் நான்கும் செத்துவிடும். அவற்றைச் சமாந்தரமாக இணைக்கும் புது வகைக்கு மாற்றினோம். பழைய டைனமோவுக்குப் பதில் ஓல்ரநேற்றர் வந்தது. ஆறு விளக்கு இரண்டாயிற்று; ஆனால் அவ்விரண்டும் நன்றாக எரிந்தன. இருக்கைப் பட்டிகள் பூட்டப்பட்டன. இறுதியாக, என் மனைவியின் யோசனைப்படி, இடது கதவின் கீழே ஒரு தாழ்ந்த படியும், பிடித்தேற ஒரு கைபிடியும். பட்டியலில் இல்லாத இந்தக் கடைசி இரண்டுமே அம்மாவுக்கு மிகவும் தேவைப்பட்டவை.

தை மாதத்திலே, கிழிந்த இறப்பர் வளையங்களோடு அந்தப் பழைய மூல உருளையை வகுப்புக்குக் கொண்டு சென்றேன். நீளவாட்டில் அறுத்து வைத்திருந்தோம். மாணவனையும் ஒருநாள் வரும்படி கேட்டேன். கழுவித் தோய்த்த சட்டையோடு வந்து, முன்னைப்போலவே வாசலிலே தயங்கி நின்றான். “உள்ளுக்கு வாரும்” என்று அழைத்து, வெண்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அன்று மணியடித்தபின்னும் எழும்பவில்லை. அவர்கள் முன்னிலையிலேயே, பல ஆண்டுகளுக்கு முன் நான் கூறிய வார்த்தைக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன், “உதேன் சேர்” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மணலிலே

2024 ஆம் ஆண்டு மாசி மாதத்திலே ஒரு ஞாயிறு பின்நேரம் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா அதைச் சுற்றிப் பார்த்தார். எவ்வளவு வேகம் ஓடும், என்ன விலை என்று ஒன்றுங் கேட்கவில்லை. மாணவனைப் பார்த்து, “தம்பி, இது நிக்குமோ?” என்றார். றம்பொடைக் கதையை நாங்கள் அவருக்குச் சொல்லாமலே மறைத்திருந்தோம். எப்படியோ அறிந்திருக்கிறார்.

“நிக்கும் அம்மா” என்றான் அவன்.

படியிலே கால் வைத்து, கைபிடியைப் பற்றி, ஒருவரும் தூக்காமலே ஏறிவிட்டார். கோயிலடியிலே இறங்கிக் கும்பிட்டோம். பின் மணற்பாதையின் தொடக்கத்திலே மாணவன் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரயர்களிலிருந்து காற்றை இறக்கினான். 30 இறாத்தலாக இருந்தது 16 ஆயிற்று. காற்றுக் குறைந்த ரயர் பரந்து படியும். அதனால் பாரம் பரவி, புதைவது குறையும். ஒட்டகத்தின் பாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் குமிழ் கொண்ட நெம்பை இழுத்ததும் நான்கு சில்லுகளும் தாழ்ந்த கியரிலே பூட்டிக்கொண்டன. இரண்டாம் கியரில், வேகம் கூட்டாமலும் குறைக்காமலும், நடைபோலவே போனோம். எங்கள் கார் முன்னர் படுத்த இடத்தை வண்டி ஒரு முனகலோடு கடந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கடலின் இரைச்சல் கேட்டது. முன்னால் ஒரு மணல் திட்டி. அதன்மேல் அடம்பன்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தன. ஏறினால் வண்டி ஏறியிருக்கும். என் கையும் அதற்குத் துறுதுறுத்தது. ஆனால், அந்தக் கொடிகளே மணலைக் கட்டிப் பிடித்து நிறுத்துபவை. சில்லு ஏறி அவை அறுந்தால், காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் தேதி இந்தக் கரை கண்ட அழிவை அறிந்தவர்கள், கரையிலுள்ள ஒரு திட்டியையும் அற்பமாக எண்ணமாட்டார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கையில், “நிப்பாட்டு, தம்பி. இனி நடக்கலாம்” என்றார் அம்மா.

பிறேக்கை மிதித்தேன். மிதி உறுதியாக என் காலை எதிர்த்தது. வண்டி நின்றது.

அம்மா செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டார். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மாணவனும் பிடித்துக்கொள்ள, திட்டியைச் சுற்றி வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையிலே, அடிக்கு ஒருதரம் நின்று நின்று நடந்தார். ஐம்பது யார் தூரந்தான். கால் மணித்தியாலம் சென்றது. அலை வந்து அவர் பாதத்தை நனைத்தபோது, சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு, குனிய முடியாமையால் என்னைக் கொண்டு ஒரு கை நீர் அள்ளுவித்துத் தலையில் தெளித்துக்கொண்டார்.

திரும்பும் வழியிலே கோயிலடிக்கு வந்ததும், மாணவன் இறங்கிக் காற்றுப் பம்பை எடுத்தான். நான்கு ரயருக்கும் மிதித்து மிதித்துக் காற்றேற்ற வேண்டும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பின் என்னைப் பார்த்து, “நீயும் இறங்கி ஒரு ரயருக்காவது அடி, தம்பி. அவன் தனியக் கஷ்டப்படுறான்” என்றார்.

இறங்கி அடித்தேன்.